வான்கோழி விசிறி

அந்த வான்கோழிகள் ஐந்தா ஆறா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. நாகலிங்கம் சொன்னபோது ஆறு என்றான். வீரபாண்டி வாயால் கேட்டபோது ஐந்து என்று காதில் விழுந்த ஞாபகம். தோட்ட முதலாளி அர்பாப் கடைசியில் சொன்னதைக்கூட அவர் அரபியும் இந்தியும் கலந்துதான் சொல்லியிருப்பார். நான் அதைத் தமிழில் நினைவு வைத்திருக்கிறேன். அதன் கூர்மை கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். ஆனால் எல்லாம் ஒரு தும்மலில் தொடங்கியது என்பதில் மட்டும் யாரும் மாற்றிச் சொன்னதில்லை.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைகளைத் தாண்டி, கல்குவாரிகளையும் தாண்டி, மலை அடிவாரத்தில் அந்தத் தோட்டம் இருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வீரபாண்டி வந்து சேர்ந்தபோது அங்கே நாலு பேர் வேலை செய்தார்கள். பேரீச்சை மரங்கள் நூற்றுக்குமேல், ஆடுகள் அறுபது எழுபது. பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. மரங்கள் உச்சியிலிருந்து கருகத் தொடங்கின. ஒவ்வொருவராக விசா கேன்சலாகி ஊருக்குப் போனார்கள். ஆடுகளையும் அர்பாப் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். பதினோராம் வருஷத்தில் வீரபாண்டி மட்டும் மிஞ்சினான். குடிதண்ணீர் வாரம் ஒருமுறை லாரியில் வந்தது. லாரிக்காரன் ஒரு பட்டாணியன். சலாம் சொல்வான், குழாயை மாட்டுவான், சலாம் சொல்வான், போய்விடுவான்.

அர்பாப் எழுபதைத் தாண்டியவர். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் டவுனிலிருந்து தானே வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். அறைக்கு வெளியே பாய் விரித்து உட்காருவார். வீரபாண்டி கஹ்வா காப்பி கொண்டுவந்து வைப்பான். இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பார்கள். பேச்சு இருக்காது. அவர் கிண்ணத்தைக் கவிழ்த்தால் போகப்போகிறார் என்று அர்த்தம். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர் என்பதற்காக அவரிடம் எதையும் பேசிவிட முடியும் என்று வீரபாண்டிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வான்கோழிகளை அவர் விருந்தாளிகள் பார்ப்பதற்காக வாங்கி விட்டிருந்தார். நரி சிலதைத் தின்றது, பெருநாளுக்கு ஒன்று அறுபட்டது. கடைசியாக இருந்த சேவல் ஒருநாள் சுவர்மேல் ஏறி, ஏதோ யோசிப்பது போல நின்று, அந்தப் பக்கம் குதித்துவிட்டது. அதன் பிறகு அது பாறை இடுக்குகளிலும் மழை ஓடிய பள்ளத்திலும் திரிந்தது. விடியும்போது மட்டும் ஆட்டுத்தொட்டிக்கு வந்து தண்ணீர் குடிக்கும். இருபது அடிக்குள் போனால் மலை ஏறிவிடும்.

ஒருநாள் மத்தியானம் குவாரித் தூசி மூக்கில் ஏறி வீரபாண்டி பலமாகத் தும்மினான். மலையிலிருந்து களகளகளவென்று பதில் வந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. பொய்யாக ஒரு தும்மல் போட்டான். களகளகள. "ஏய்!" என்றான். அதற்கும் பதில் வந்தது. தகர டப்பாவைத் தட்டினான், அதற்கும். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சத்தம் தன்னுடையது மாதிரி இல்லாததால் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அந்தச் சிரிப்புக்கும் மலையிலிருந்து பதில் வந்தது.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் பங்காளி.

வெள்ளிக்கிழமைகளில் நாகலிங்கம் வருவான். பரமக்குடிக்காரன், செராமிக் ஆலையில் டைல் அடுக்குகிறவன். கேம்பிலிருந்து யாராவது வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து ஒருவேளைச் சோறு தின்றுவிட்டுப் போவான்.

"பங்காளின்னா பேர் வச்ச? ஊர்ல உன் பங்காளி கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டானே மாப்ள."

"அதுக்குத்தான் இதுக்கு வச்சேன்."

ராத்திரிச் சமையலுக்கு முன்னால் வீரபாண்டி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஜோதிமணிக்கு போன் போடுவான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவன் ஊரில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறலாம். பிள்ளையில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ, ம், மழையா, இல்லை. அதற்குமேல் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அவள் வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் அவனுக்குக் கேட்கும். அவனிடமிருந்து அவளுக்குக் காற்றுதான் கேட்கும். ஒருநாள் அவன் இருமியபோது பங்காளி பதில் கொடுத்தது.

"ஐயய்யோ, அது என்னங்க?"

"பங்காளி."

சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அதன் பிறகு தினமும், "பங்காளியக் கூப்பிடுங்க, கேப்போம்" என்பாள். அவன் கூப்பிடுவான். மூவரும் பேசி முடித்த மாதிரி இருக்கும்.

மார்கழியில் ஒருநாள் அவள் பங்காளியைக் கேட்கவில்லை.

"கர்ப்பப்பைல கட்டி. எடுத்துரணுங்கிறாக. மதுரைல, பதினெட்டாந்தேதி. புருசன் கையெழுத்து வேணுமாம். இல்லன்னா அண்ணன் போடலாமாம். அண்ணன் வாசல்ல நான் போயி நிக்க மாட்டேன்." மிக்சி ஓடி நின்றது. "வந்துருவீங்கள்ல?"

"வந்துருவேன்."

"அந்த வார்டுல ஃபேன் இருக்கு. ஆனா நமக்குக் குடுக்கப்போற கட்டிலுக்குக் காத்து வராதாம்" என்றாள், அதுதான் பெரிய கவலை என்பது போல.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் அர்பாபிடம் கேட்டான். பதினோரு வருஷத்தில் அவராகக் கொடுக்காத லீவை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆடு எல்லாம் போயிடுச்சு" என்றார் அர்பாப். "தோட்டத்தையும் கோடைக்கு முன்னாடி கல் உடைக்கிறவங்ககிட்ட விட்டுடுவேன். ஆனா அந்தக் கோழி இருக்கே. நம்ம தொட்டியில குடிச்சுப் பழகின உயிர். நீ போனா தாகத்துல சாகும். அந்தப் பாவம் என் கழுத்துல விழும். அதை உயிரோட பிடி, முடியலைன்னா அறுத்துடுவோம். அப்புறம் நீ போ."

வீரபாண்டி தலையாட்டினான். அர்பாப் இன்னும் ஏதோ வரப்போவது போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

அதன் பிறகு அவர் கொஞ்சம் சீக்கிரமாகவே வரத் தொடங்கினார். வந்து, வழக்கத்தைவிட அதிகநேரம் உட்கார்ந்திருந்தார். கோழி பிடிபட்டதா என்று பார்க்கத்தான் வருகிறார் என வீரபாண்டி நினைத்தான். கஹ்வாவை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

சோளம் தூவினான். வலை விரித்தான். சுருக்கு வைத்தான். பங்காளி வலைக்கு வெளியே இருந்த சோளத்தைத் தின்றுவிட்டு மலை ஏறிவிட்டது.

"ஒரு கோழி உனக்கு லீவு சாங்ஷன் பண்ணணுமா மாப்ள?" நாகலிங்கம் தொடையில் தட்டிச் சிரித்தான். "எங்க மேனேஜரே தேவலடா. பாரு, பொண்ணு பாக்க வந்த மாதிரி எப்படித் தள்ளி நின்னு பாக்குதுன்னு."

வீரபாண்டி சிரிக்கவில்லை. நாகலிங்கம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"யோவ், நான் வெள்ளிக்கு வெள்ளி வர்றேன்ல? தொட்டிய ரொப்பிவிட்டுப் போறேன். ஒரு வாரம் தாங்கும். கிழவர்ட்ட இதச் சொல்லி இன்னொருக்கா கேளு."

"அவரு சொன்னாச் சொன்னதுதான். கலாஸ், முடிஞ்சது. ரெண்டாந்தடவ கேட்டா, இவன் எதுத்துப் பேசுறான்னு ஆயிரும்."

"கேட்டுத்தான் பாரேன்."

"உனக்குத் தெரியாது. பதினோரு வருசமா நான் இருக்கேன்."

பதினெட்டாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அர்பாபின் தம்பி மகன் கோழியை வேட்டையாட இரண்டு சலூக்கி நாய்களோடு வந்தான். ஒல்லியான, வயிறு ஒட்டிய வேட்டை நாய்கள். அவன் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். நாய் கண்ணால் கண்டால்தான் ஓடும், பாறைக்குள் இருப்பதை என்ன செய்ய என்றான்.

"நான் கூப்பிட்டா வரும்" என்றான் வீரபாண்டி.

யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

மறுநாள் காலை நாய்களைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் சுவரோரம் உட்கார்ந்தான். வீரபாண்டி பள்ளத்தில் இருந்த, நம்மூர் வன்னி மாதிரியான காஃப் மரத்தடிக்குப் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலுக்கே மேலேயிருந்து பதில் வந்துவிட்டது. "பங்காளி" என்றான். களகளகள. "வா பங்காளி."

எட்டு மாதமாக எட்ட இருந்தே பதில் சொன்னது அன்று இறங்கி வந்தது. குளிர் தெளிந்து வெயில் அடித்த காலை, அதற்குப் பருவம் வந்திருக்கலாம். பாறைகளுக்கு நடுவே தலை தெரிந்தது, பிறகு உடம்பு. பத்தடி தூரத்தில் நின்று, இறக்கைகள் தரையில் உரச, வாலை முழுவட்டமாக விரித்தது. வெயில் அந்த வாலுக்குள் நுழைந்து நின்றது. தூரத்தில் கறுப்பாகத் தெரிந்த பறவை அது. பக்கத்தில் பார்த்தால் புளிபோட்டுத் தேய்த்த செம்பின் நிறம், அதற்குள் பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கோடு. வீரபாண்டி அதை அவ்வளவு அருகில் பார்த்தது அன்றுதான். அவனுக்குப் பின்னால் சங்கிலி அவிழும் சத்தம் கேட்டது.

ரொம்ப நேரம் ஆகவில்லை. பையன் ஓடிவந்து நாய்களை இழுத்துப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லி அறுத்தான். கறியை எடுத்துக்கொண்டு இவன் பங்குக்கு ஒரு தொடையை வைத்தான். இறகு எனக்கு வேண்டும் என்று வீரபாண்டி சொன்னபோது அவன் சிரித்து, எல்லாம் எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினான். தொடைக் கறி சாயங்காலம் வரை மூடியே இருந்தது. பிறகு தண்ணீர் லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டான்.

அன்று போனில் ஜோதிமணி கேட்டாள்: "எங்க பங்காளி? சத்தத்தையே காணோம்?"

"தூங்கிருச்சு."

"இந்நேரத்துலயா?"

"குளிரு." பிறகு சொன்னான்: "லீவு கிடைச்சிருச்சு."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது.

வால் இறகுகள் பதினெட்டு. அவற்றில் இரண்டு நாயின் வாயில் முறிந்திருந்தன. ஷாம்பு கரைத்த தண்ணீரில் அலசி, ரத்தம் போகத் தடவி, அறைக்குள் பழைய பேப்பரில் பரப்பினான். அடித்தண்டில் ஒட்டியிருந்த சதையைச் சுரண்டிவிட்டுத் தண்டுகளை உப்பில் புதைத்து வைத்தான். விசிறி செய்வது என்று அவன் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ஜோதிமணியின் கட்டிலுக்குக் காற்று வராது என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தடவை கட்டியபோது விசிறி கோணிக்கொண்டு நின்றது. வீசினால் கைக்குள்ளேயே திரும்பியது. அவிழ்த்து மறுபடி கட்டினான், அதே கோணல். அன்று பிடுங்கிய எல்லா இறகையும் ஒரே அரிசிச் சாக்கில் போட்டு எடுத்து வந்ததில் இடது வலது கலந்துவிட்டது என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். தண்டுக்கு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். ஒடுக்கமான பக்கம் வெளியே பார்க்க வேண்டும். அப்படிப் பிரித்துத் தரையில் அடுக்கியபோது, காஃப் மரத்தடியில் விரிந்த அதே வட்டம் சிமெண்ட் தரையில் கிடந்தது. அவன் எழுந்து வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தான்.

மறுநாள் அர்பாப் வந்தபோது அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தான். கைப்பிடிக்குப் பேரீச்சை மட்டையைப் பிளந்து செதுக்கியிருந்தான். கட்டு தெரியாமலிருக்க நெஞ்சு இறகுகளைச் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு வந்தான். எழுந்திருக்கப் போனவனைக் கையமர்த்திவிட்டு அர்பாப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒதுக்கி வைத்திருந்த முறிந்த இறகுகளில் ஒன்றை எடுத்தார்.

அவர் வாலிபத்தில் ராஜாளி வளர்த்தவர். வேட்டையில் ராஜாளியின் இறகு முறிந்தால் ஒட்டுப்போடத் தெரியும். சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து முறிவைச் சாய்வாக வெட்டினார். மூங்கில் குச்சி ஒன்றை ஊசிபோலச் சீவி, பசை தொட்டு, தண்டின் ஓட்டைக்குள் பாதியும் மேல்துண்டுக்குள் பாதியுமாகச் செருகினார். குச்சி நேராகப் போனது. இரண்டாவதையும் அப்படியே செய்தார். அதற்குள் வெயில் மலையிலிருந்து இறங்கிவிட்டது.

"நீ ஒரு தடவைதான் கேட்டே" என்றார்.

வீரபாண்டிக்குப் புரியவில்லை.

"லீவு. ஒரு தடவை கேட்டே, நான் ஒரு காரணம் சொன்னேன். நீ எழுந்து போயிட்டே." இறகை ஊதிப் பசையைக் காயவைத்தார். "எங்க அப்பா எதைக் கேட்டாலும் முதல்ல முடியாதுன்னுதான் சொல்வார். நானும் அப்படித்தான். ரெண்டாவது தடவை வந்து கேட்டா யோசிப்போம். மூணாவது தடவையும் ஒருத்தன் வந்து நின்னா, அப்புறம் முடியாதுன்னு சொல்றது எங்களுக்குத்தான் கேவலம். தினமும் சீக்கிரம் வந்து உக்காந்திருந்தேன். நீ வரலை."

குழாய் சொட்டியது.

"நீ அதோட பேசுறதை நான் கேட்டிருக்கேன். நீ கூப்பிட மாட்டேன்னு நினைச்சேன்."

வீரபாண்டியின் கையில் பசை காய்ந்துகொண்டிருந்தது. சொல்ல ஒன்று இருந்தது: பதினோரு வருஷமாக இரண்டாவது தடவை கேட்கக்கூடாது என்று யார் அவனுக்குச் சொன்னார்கள் என்பது அவனுக்கே தெரியவில்லை. அதை எந்தப் பாஷையில் சொல்வது. அர்பாப் ஒட்டுப்போட்ட இறகுகளைப் பாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். முறிந்த இடம் விரலால் தடவினால் மட்டும் தெரிந்தது.

பதினைந்தாம் தேதி சார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம். விசிறியைக் கம்பளிக்குள் சுற்றி, அட்டைப் பெட்டியில் பால்பவுடருக்கும் சோப்புக்கும் நடுவே வைத்துக் கட்டியது நாகலிங்கம்தான். "சூப்பரா இருக்குடா மாப்ள" என்றான். கேலிக்கு எதுவும் வாயில் வரவில்லை. அர்பாப் சொன்னதை வீரபாண்டி அப்போதுதான் அவனிடம் சொல்லியிருந்தான்.

கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், ஜோதிமணி எழுந்து சாய்ந்து கஞ்சி குடித்தபோது, பெட்டியைப் பிரித்து விசிறியை எடுத்தான். ஃபேன் தூரத்தில் யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வீசினான். கோணாமல், கைக்கு அடங்கி, நல்ல காற்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரி, "ஆத்தி, என்னா அழகு" என்று எட்டிப் பார்த்தாள்.

ஜோதிமணி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இறகுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்த விரல் ஒட்டுப்போட்ட இடத்தில் நின்றது.

"பங்காளியோடதா?"

"ம்."

"தானா உதுந்ததா?"

வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. அவள் காத்திருந்தாள். போனில் இத்தனை வருஷம் காத்திருந்த மாதிரியே, அவசரமில்லாமல். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுதான் அவன் சொல்லத் தயாராக வைத்திருந்ததும்.

"நான் கூப்பிட்டேன்" என்றான். "வந்துச்சு."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விசிறி அவள் வயிற்றின் மேல், கட்டுக்குச் சற்று மேலே கிடந்தது. மூச்சுக்கு ஏறி இறங்கியது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒருமுறை வந்து போனாள்.

"வீசுங்க" என்றாள் ஜோதிமணி, திரும்பாமலே. "வேர்க்குது."

அவன் எடுத்து வீசினான்.

அர்பாப் அடுத்த வருஷம் நோன்புக்கு முன்னால் இறந்தார். தோட்டத்தில் இப்போது கல் உடைக்கிறார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள், காஃப் மரம் இருக்கிறது. நாகலிங்கம் அதே செராமிக் ஆலையில் இருக்கிறான், ஷிப்ட் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். ஜோதிமணி நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறாள். அண்ணனோடு இன்னும் பேச்சு இல்லை. வீரபாண்டி சவூதியில், யான்புவில் ஒரு கேம்பில் ஸ்டோர் பார்க்கிறான். ஒரு அறையில் எட்டுப் பேர், தும்மினால் யாராவது திட்டுவார்கள். லீவு வேண்டுமென்றால் மூன்று தடவை கேட்கிறான்; அங்கே இருக்கிற மேனேஜர் மூன்று தடவையும் இல்லை என்கிறார். விசிறியில் இரண்டாம் வருஷமே பூச்சி விழுந்துவிட்டது. இறகுகளைக் குப்பையில் போட்டுவிட்டு மட்டைக் கைப்பிடியை மட்டும் ஜோதிமணி எடுத்து வைத்திருக்கிறாள்.